முதல் வரிசை நாற்காலி

(சிங்கப்பூர். ஆகஸ்ட் மாதத்து ஞாயிறு, தொழிலாளர் விடுதி. குமார் வந்து பன்னிரண்டு வருஷம், செல்வம் வந்து மூன்று மாசம். இரண்டு பேருக்கும் மன்னார்குடிப் பக்கம்.)

செல்வம்: அண்ணே, இந்த ஊரில் நமக்கு எவ்வளவு மரியாதை தெரியுமா? நேற்று ராத்திரி தோ பாயோவில் மேடை போட்டுப் பாட்டுக் கச்சேரி. பின்னால் கூட்டம் நின்றுகொண்டு பார்க்கிறது, முதல் வரிசை மொத்தமும் காலி. போய்க் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தேன், ஒருத்தர்கூட எழுந்திரு என்று சொல்லவில்லை. ஒரு சீனப் பாட்டி என்னைப் பார்த்துக் கும்பிடவே செய்தார்.

குமார்: நீ என்ன செய்தாய்?

செல்வம்: நானும் கும்பிட்டேன். பெரியவங்க ஆச்சே.

குமார்: டேய், அது பேய்க்குப் போட்ட சீட்டுடா.

செல்வம்: என்னது?

குமார்: சீனர்கள் கணக்கில் இது ஏழாம் மாசம். நரகத்துக் கதவு திறந்து, செத்தவர்கள் எல்லாம் ஒரு மாச லீவில் வருவார்கள். கெத்தாய் என்று சொல்கிற அந்த மேடைக் கச்சேரியே செத்தவர்களுக்குத்தான், அதனால்தான் முன் வரிசையைக் காலியாக விடுகிறார்கள். பாட்டி கும்பிட்டது உன்னை இல்லை, நீ யார் மடியில் உட்கார்ந்திருந்தாயோ அவரை.

செல்வம்: (எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு) இவ்வளவு முன்னேறிய ஊரில் இப்படியுமா? ட்ரம்மில் நோட்டுக் கட்டைப் போட்டுக் கொளுத்துகிறார்களே, அதுவும் இதுக்கா? காகிதத்தில் காரு, வீடு, செல்போன். சரி, அங்கே சார்ஜர் யார் கொடுப்பார்?

குமார்: அதுவும் காகிதத்தில் விற்கிறது. ஆடி அமாவாசை அன்றைக்கு நீ என்ன செய்தாய்?

செல்வம்: தாத்தாவுக்குச் சோறு வைத்தேன்.

குமார்: மாடிப்படியில் இலையைப் போட்டு அரை மணி நேரம் கா கா என்று கத்தினாய், பங்களாதேஷ்காரர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் வந்தது காக்கா இல்லை, மைனா. மைனா தின்றால் தாத்தாவுக்குப் போய்ச் சேருமா என்று ராத்திரி முழுக்க என்னைத் தூங்கவிடவில்லை. 2024-ல் ஆடி அமாவாசையும் அவர்களுடைய ஏழாம் மாச முதல் நாளும் ஒரே நாள்தான், ஆகஸ்ட் 4. நம் தாத்தாவும் அவர்கள் தாத்தாவும் ஒரே பஸ்ஸில்கூட வந்திருக்கலாம்.

செல்வம்: ஆனால் கரிக்கட்டையைச் சிவப்புக் காகிதத்தில் சுற்றிக் கறுப்புத் தங்கம் என்று ஆயிரக்கணக்கான வெள்ளிக்கு ஏலம் எடுக்கிறார்களாமே, அது ரொம்ப ஓவர் அண்ணே.

குமார்: விழுப்புரம் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் பல ஆயிரத்துக்கு ஏலம் போகிறதே?

செல்வம்: அது முருகன் வேலில் குத்திய பழம்!

குமார்: இது அவர்கள் சாமிக்குப் படைத்த கரி.

செல்வம்: (கொஞ்ச நேரம் யோசித்து) அண்ணே, இப்போது எனக்குப் பரிகாரம் என்ன?

குமார்: வாட்டர்லூ ஸ்ட்ரீட் போ. 1870-லேயே தொடங்கிய கிருஷ்ணன் கோயில், பக்கத்திலேயே சீனர்கள் கும்பிடுகிற குவான் யின் தெய்வத்தின் கோயில். அங்கே கும்பிட்டுவிட்டு வருகிற சீனர்கள் நம் கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் போவார்கள். யார் எவர் என்று ஆராய்ச்சி எல்லாம் பண்ணமாட்டார்கள். நீயும் இரண்டு பக்கமும் ஒரு கும்பிடு போட்டுவிடு.

செல்வம்: அப்புறம் ஒன்று அண்ணே... மரத்தடியில் யாரோ ஆரஞ்சு மறந்துவிட்டுப் போயிருந்தார்கள். பக்கத்தில் மெழுகுவத்திகூட எரிந்தது.

குமார்: அட கடன்காரா! படையலில் கை வைத்தாயா? நம் ஊரில் கருப்பசாமிக்கு வைத்த சுருட்டை இப்படி எடுத்துப் பற்றவைப்பாயா? எத்தனை பழம்?

செல்வம்: மூன்று. இரண்டை நான் தின்றேன்.

குமார்: மிச்சம் ஒன்று எங்கே? அதையாவது கொண்டுபோய் வைத்துவிட்டு வா.

செல்வம்: காலையில் உங்கள் டப்பாவில் போட்டேனே. தேன் மாதிரி இருக்கிறதுடா, எந்தக் கடை என்றுகூடக் கேட்டீர்கள்.

குமார்: (நீண்ட நேரம் கழித்து) கிருஷ்ணன் கோயில் சாயங்காலம் எத்தனை மணிக்குடா திறப்பார்கள்?