காசு கொடுத்தாலும் காட்ட மாட்டேன் என்கிறான்

"இந்த நிகழ்ச்சி உங்கள் பகுதியில் கிடைக்காது." இந்த ஒற்றை வரியை எழுதி வைத்தவன் மட்டும் என் கையில் கிடைத்தால்... சரி, வேண்டாம். வாயில் நல்ல வார்த்தை வராது.

இல்லை என்றால் இல்லை என்று முதலிலேயே சொல்லித் தொலைக்கலாம் அல்லவா? மாதச் சந்தா கட்டித் தொடர்கள் பார்க்கும் செயலி இது. தேடினால் பெயர் வருகிறது. போஸ்டர் வருகிறது. கதைச் சுருக்கம்கூட வருகிறது. ஆசையாக பிளே பட்டனை அழுத்தினால் வட்டம் சுற்றோ சுற்றென்று சுற்றுகிறது. அப்புறம்தான் கறுப்புத் திரையில் அந்த வரி. விற்காத பண்டத்தைக் கண்ணாடி அலமாரியில் எதற்கையா அடுக்கி வைக்கிறாய்? அதற்குக் கீழே 'இதைப் போன்றவை' என்று ஒரு வரிசை வேறு. அத்தனையும் பள்ளிக்கூடக் காதல் கதைகள். நான் தேடியதோ ஒரு துப்பறிவாளனும் ஒரு ஆண்ட்ராய்டும், அதாவது மனித உருவ இயந்திரமும், சேர்ந்து ரவுடிகளை விரட்டும் கதை!

'ஹீட் கை ஜே' என்று ஒரு அனிமே தொடர், ஜப்பானிய கார்ட்டூன். 2002 அக்டோபரில் ஜப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கியது. 'எஸ்காஃப்ளோனே' என்ற அனிமே தொடரை இயக்கிய அதே கசுகி அகானேதான் இதற்கும் இயக்குநர். சாட்டிலைட் என்ற அனிமே ஸ்டுடியோவின் தயாரிப்பு. ஜூடோ என்ற எதிர்கால நகரம். அங்கே ஆண்ட்ராய்டுகளுக்குத் தடை. ஆனால் நகரப் பாதுகாப்புத் துறையின் சிறப்புப் பிரிவில் மட்டும் ஒரே ஒரு ஆண்ட்ராய்டுக்கு அனுமதி உண்டு. அதுதான் ஜே. ஜோடியாக டைசுகே அரோரா என்ற இளைஞன், எதையும் அலட்டிக்கொள்ளாத ஆள். துறைத் தலைவர் அவனுடைய சொந்த அண்ணன் ஷுன். எதிர்ப்பக்கம் அப்பனுக்குப் பிறகு மாஃபியா தலைமைக்கு வந்த கிளேர் லியோனெல்லி. கிறுக்கும் குழந்தைத்தனமும் கலந்த பையன். அவன் சிரித்தாலே நமக்கு வயிற்றைப் பிசையும்.

ஜே இருக்கிறதே, அதை வெறும் இரும்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆளை அடித்துப் போட்டுவிட்டு நிற்கும்போது சூடேறிய உடம்பிலிருந்து புஸ்ஸென்று நீராவி வெளியேறும். தொடரின் பெயரில் இருக்கும் சூடு அதுதான். நடுநடுவே, 'ஆம்பளை என்றால் இப்படி இருக்க வேண்டும்' என்று முகத்தில் சலனமே இல்லாமல் ஏதாவது தத்துவம் உதிர்க்கும். ஒரு இயந்திரம் அதைச் சொல்வதுதான் வேடிக்கை. (இந்தக் காலத்துக்கு அந்த வசனங்களில் சில பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன்.)

இதே 2002 அக்டோபரில்தான் 'கோஸ்ட் இன் த ஷெல்: ஸ்டாண்ட் அலோன் காம்ப்ளெக்ஸ்' என்ற இன்னொரு அனிமே தொடரும் தொடங்கியது. அதை இன்றைக்கும் ஊரே கொண்டாடுகிறது. கொண்டாடட்டும், தகுதியான தொடர்தான். அதற்காகக் கூடவே பிறந்ததைக் கிணற்றில் போட வேண்டுமா?

கிணற்றில் போட்ட கதையையும் கேளுங்கள். அமெரிக்காவில் இதன் டிவிடியை முதலில் வெளியிட்டது பயனீர். அந்த நிறுவனம் பிறகு ஜெனியான் என்று பெயர் மாறியது. 2007-இல் ஜெனியானின் அமெரிக்க விநியோகமே நின்றுபோனது. அப்புறம் உரிமை ஃபனிமேஷன் என்ற அமெரிக்க அனிமே நிறுவனத்தின் கைக்குப் போனது. ஃபனிமேஷனை வைத்திருந்த சோனி 2021-இல் அனிமே செயலி நடத்தும் கிரஞ்ச்சிரோலையும் நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது. 2024 ஏப்ரலில் ஃபனிமேஷன் செயலிக்கு மூடுவிழா. அந்த நிறுவனத்தின் வட்டுப் பெட்டிகள் பலவற்றில் டிஜிட்டல் பிரதிக்கான குறியீடு வைத்திருந்தார்கள். அதை நம்பிக் கணக்கில் சேர்த்து வைத்தவர்களுக்கு மூடுவிழாவோடு எல்லாம் போச்சு. காசு கொடுத்து வாங்கினாலும் அது உன்னுடையது கிடையாது என்று முகத்துக்கு நேராகச் சொன்ன மாதிரி. வட்டை மட்டும் பத்திரப்படுத்தியவன் பிழைத்தான்.

சரி, வட்டையே வரவழைத்துவிடலாம் என்று பார்த்தால் அதிலும் ஆப்பு. டிவிடிக்கு நாடுவாரியாக மண்டல எண் உண்டு. அமெரிக்க டிவிடி மண்டலம் 1, இந்தியா மண்டலம் 5. அங்கே விற்றதை இங்கே வாங்கின பிளேயர் ஏற்காது. அது கெட்டுப்போனதால் வரும் தகராறு என்று நினைத்துவிடாதீர்கள். உட்கார்ந்து யோசித்து, வேண்டுமென்றே செய்து வைத்த ஏற்பாடு. உலகத்தை ஆறு துண்டாக வெட்டி, அவரவர் துண்டுக்குள் கிட என்று சொல்லிவிட்டார்கள். வட்டு போய் செயலி வந்த பிறகும் அதே கோடுகள்தான். பைட்டுக்கு எதற்கையா பாஸ்போர்ட்?

பொறுக்க முடியாமல், 'கிடைக்காது' என்று சொன்ன அந்தச் செயலியின் உதவிப் பக்கத்துக்குப் போனேன். மனிதர் யாரும் இல்லை, தானாகப் பதில் சொல்லும் ஒரு சாட்பாட். 'இந்தத் தொடர் இந்தியாவுக்கு எப்போது வரும்?' என்று கேட்டேன். கேச் அழித்துப் பார்த்தீர்களா என்றது. தொடர் பெயரைச் சொல்லித் திரும்பக் கேட்டேன். செயலியை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுங்கள் என்றது. மனிதரிடம் இணைத்து விடு என்றேன். 'உங்கள் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி' என்று சொல்லி, ஐந்து நட்சத்திரத்தை நீட்டிவிட்டுப் போய்விட்டது. 2002-இல் கனவு கண்டது கூட்டாளிக்காகக் குண்டு மழையில் குறுக்கே நிற்கும் இயந்திரத்தை. நமக்கு வாய்த்தது இது.

உடனே ஒரு கூட்டம் கிளம்பி வரும். 'டாரன்ட்டில் எடுத்துப் பார்த்துவிட்டுப் போயேன், இதுக்கு ஏன் இந்தக் கூப்பாடு?' என்பார்கள். இன்னொரு கூட்டம், 'திருட்டுப் பிரதி பார்ப்பது குற்றம், கலைஞர்கள் வயிற்றில் அடிக்காதே' என்று வகுப்பெடுக்கும். இரண்டு பேரும் கொஞ்சம் நகருங்கள். நான் காசைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்கிக்கொள்ளத்தான் ஆளைக் காணோம். சட்டப்படி பார்க்க ஒரு வாசலும் வைக்காமல், சட்டத்தைப் பற்றி மட்டும் பாடம் நடத்த வந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? விற்கிற எண்ணம் இல்லையென்றால் உரிமையை எதற்கு ஐயா பூட்டி வைத்திருக்கிறீர்கள்? அடைகாக்கவா?

சந்தா அடுத்த மாதம் தானாகவே புதுப்பிக்கப்படும் என்று நேற்று மெயில் வந்திருக்கிறது. விலையையும் ஏற்றியிருக்கிறார்கள்.