அம்மா சத்தியம் பண்ணினது கனடா ராணிக்கு

அந்த வீடியோவைப் பற்றி எழுதக்கூடாது எண்டுதான் மூண்டு நாளா இருந்தனான். எல்லாரும் பாத்திருப்பியள், வட்சப் குறூப் எல்லாத்திலயும் சுத்துது. ஒரு பிள்ளை வலக்கையைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு கனடா சிற்றிசன்சிப் சத்தியம் சொல்லுது, குரல் தழதழக்குது, அதுக்கு மேல பிரித்தானிய ராசாவின்ர காலில விழுந்த அடிமை எண்டு ஒருத்தர் எழுதிவிட, எங்கட ஆக்களே வந்து வந்து சிரிச்சிட்டுப் போகினம்.

அந்தப் பிள்ளை பிரித்தானிய ராசாவுக்குச் சத்தியம் பண்ணேல்ல. வீடியோவைத் திருப்பிப் போட்டு வடிவாக் கேளுங்கோ. கனடாவின் அரசர் மூன்றாம் சார்ள்ஸ் எண்டுதான் அதில வருது. பிரிட்டன் எண்ட சொல்லே இல்லை.

ஆள் ஒண்டு, கதிரை 15. கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜமைக்கா, பப்புவா நியூகினி, துவாலு எண்டு பிரிட்டனோட சேத்து 15 நாட்டுக்கு அவர் ராசா, ஆனா ஒவ்வொரு கதிரையிலயும் இருக்கேக்க அந்த நாட்டு மந்திரிசபை சொல்லுறதுதான் நடக்கும். லண்டன் பிரதமருக்கு கனடா விசயத்தில வாய் திறக்க இடமில்லை. 1939ல பிரிட்டன் செப்டம்பர் 3ஆம் திகதி போரை அறிவிச்சிட்டுது, கனடா பாராளுமன்றம் கூடிக் கதைச்சு முடிச்சு 10ஆம் திகதிதான் அறிவிச்சது, ரெண்டுக்கும் ராசா அதே ஆறாம் ஜோர்ஜ். 1947ல காஷ்மீருக்காக இந்தியாவும் பாகிஸ்தானும் அடிபட்டதே, அப்ப ரெண்டு நாட்டுக்கும் ராசா அவர்தான்! ஒரே ஆளின்ர ரெண்டு நாடு ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்குது எண்டால் அது ரெண்டும் வேற வேற அரசமுடி எண்டு விளங்கவேண்டாமோ?

அவ்வளவு தூரம் ஏன், இதே சார்ள்ஸ் 2025 பெப்ரவரியில பிரிட்டன் அரசாங்கம் சொல்லி ட்ரம்புக்கு அரச விருந்தாளியா வரச்சொல்லி அழைப்புக் குடுத்தவர், மே 27ஆம் திகதி ஒட்டாவாவுக்கு வந்து கனடாவின்ர இறைமையைப் பற்றிச் சிம்மாசன உரை வாசிச்சவர். அமெரிக்காவின்ர 51ஆவது மாநிலம் எண்டு ட்ரம்ப் எங்களைச் சொல்லிக்கொண்டிருந்த நேரம். அழைப்பு லண்டன் சொன்னது, உரை ஒட்டாவா எழுதினது.

என்ர அம்மா தொண்ணூறுகளில வந்தவ. வந்த கிழமை கோப்பிக்கடையில மிச்சக்காசு வாங்கினவ, 25 சதக் குத்தியைத் திருப்பித் திருப்பிப் பாத்திட்டு, "உவ எங்கட ரெண்டு சதத்தில இருந்தவவெல்லே" எண்டா. எனக்கு விளங்கேல்ல. வீட்டை வந்து தையல் டின்னைத் திறந்து காட்டினவ. விளிம்பெல்லாம் வளைஞ்சு வளைஞ்சு இருக்கிற இலங்கை ரெண்டு சதம், 1957, அதே ராணியின்ர தலை. 1972 வரைக்கும் எலிசபெத் இலங்கைக்கும் ராணி எண்டது எனக்கு அண்டைக்குத்தான் தெரியும். பிறகு அம்மா சத்தியம் எடுக்கேக்க, இங்கிலிசில சொல்லி பிரெஞ்சில சொல்லத் தடுமாறினவ, தூக்கின கை நடுங்கினது. அவ ஒரு மனுசிக்கு முன்னால குனியேல்ல. ஒரு நாட்டுக்குள்ள சட்டப்படி கால் வைச்சவ.

ராசா வேண்டாம் எண்டவையே வழக்குப் போட்டவை. அந்தச் சத்தியம் தனி ஆளுக்கில்லை, எங்கட ஆட்சிமுறைக்கு எண்டு ஒன்ராறியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் 2014ல சொல்லிட்டுது. காசு வீண் எண்டு சொல்லுவியள். கனடா அவருக்குச் சம்பளம் குடுக்கிறேல்ல, ஆளுநர் நாயகம் மாதிரி இங்க இருக்கிற அவரின்ர பிரதிநிதிகளுக்கும் அவர் வந்து போற செலவுக்கும்தான் குடுக்குது. அப்ப ஏன் பார்படோஸ் 2021ல குடியரசானது? ஆகட்டுமே, அது அவையின்ர முடிவு. கனடாவிலயும் பாராளுமன்றமும் 10 மாகாணமும் ஒத்துக்கொண்டால் மாத்தலாம், நான் குறுக்கை நிக்கமாட்டன். இந்த முடியின்ர பேரில இந்த மண்ணில நடந்த அநியாயத்தைப் பற்றி பூர்வீகக் குடிமக்கள் கேட்டால் நான் வாய் பொத்திக்கொண்டு கேப்பன், அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. ஆனா அதைக் கேட்டது நீங்கள் இல்லை. நீங்கள் ஒரு பிள்ளையின்ர நடுங்கிற குரலைப் பாத்துச் சிரிச்சனியள்.

"உங்கட ராணி 56ல, 58ல இலங்கையில தமிழரை அடிச்ச கலவரத்தில எங்களைக் காப்பாத்தினவவோ?" எண்டு ஒருத்தர் இன்பொக்ஸில கேக்கிறார். இல்லை அண்ணை, காப்பாத்தேல்ல. 1948ல மலையகச் சனத்தை லட்சக்கணக்கில நாடில்லாத ஆக்களாக்கின சட்டமும் முடியின்ர பேரிலதான் வந்தது. கொழும்பு மந்திரிசபை சொன்னது நடந்தது. நானும் அதைத்தானே சொல்லுறன், கையெழுத்துத்தான் முடியின்ரை, முடிவு அந்த நாட்டின்ரை. ராணி போனா விடுதலை எண்டுறியள், எங்களுக்கு ராணி போன அதே 1972ல, சிறுபான்மைக்கு எதிராச் சட்டம் போடேலாது எண்டிருந்த பழைய அரசியலமைப்பின்ர 29ஆம் பிரிவும் போச்சுது. அதுக்குப் பிறகு நடந்ததை நான் உங்களுக்குச் சொல்லவேணுமோ? நாடில்லாமல் இருக்கிறது எப்பிடி எண்டு தெரிஞ்ச சனம் நாங்கள். எங்கட பிள்ளை ஒண்டுக்கு ஒரு நாடு கிடைச்சு அது அழுதால், அதைப் பாத்துச் சிரிக்க எப்பிடி ஐயா மனசு வந்தது?

அம்மா போய் நாலு வருசம். டின் என்னட்டைத்தான் இருக்கு. ரெண்டு சதமும் சிற்றிசன்சிப் காட்டும் ஒண்டாத்தான் வைச்சிருந்தவ, நான் பிரிக்கேல்ல.

அந்தப் பிள்ளையின்ர வீடியோவை எடுங்கோ.