ரீமேப் போட்டதும் வண்டி பறக்குது என்கிறவர்களுக்கு

ரீமேப் செய்தால், அதாவது எஞ்சினை நடத்தும் கணினியின் எண்களை மாற்றி எழுதினால், ஆக்ஸிலரேட்டர் ரெஸ்பான்ஸ் கூடுமா, பிக்கப் ஏறுமா என்று கேட்டு இன்பாக்ஸுக்கு வருகிறவர்கள் பெருகிவிட்டார்கள். தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை, அதனால் இந்தப் பதிவு. ரெஸ்பான்ஸ் கூடும்; அநேகமாக எல்லா வண்டியிலும் கூடும். பவர் கூடுமா என்றால், டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி) உள்ள வண்டியில் நன்றாகவே கூடும், டர்போ இல்லாத வண்டியில் கூடியதாகச் சொல்லிக்கொள்ளலாம். இரண்டும் வேறு வேறு சமாச்சாரம். இவற்றை ஒரே பொட்டலமாகக் கட்டி முப்பதாயிரத்தைச் சுற்றி ஒரு விலை வைத்து விற்கிறார்களே, அதில்தான் எனக்கு வழக்கு.

பழைய கார்புரேட்டர் மாருதி 800 ஓட்டியவர்களுக்கு நினைவிருக்கும். பெடலிலிருந்து ஒரு கேபிள் நேராகப் போய் திராட்டில் தகட்டைத் திறக்கும். கால் எவ்வளவு போகிறதோ அவ்வளவு காற்று உள்ளே போகும். இன்றைய வண்டியில் அந்தக் கேபிள் கிடையாது. பெடலில் இருக்கும் சென்சார், கால் எத்தனை சதவீதம் அமுங்கியிருக்கிறது என்று ஈசியு எனும் எஞ்சின் கணினிக்குச் சொல்லும். ஈசியு தன்னிடம் இருக்கும் ஒரு அட்டவணையைப் பார்க்கும்: பெடல் இத்தனை சதவீதம், எஞ்சின் இத்தனை ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இத்தனை சுற்று), அப்படியானால் டிரைவர் கேட்பது இத்தனை டார்க், அதாவது சுழற்றும் விசை. அதற்கேற்ற காற்றையும் எரிபொருளையும் அது முடிவு செய்யும். நாம் மிதிப்பது ஒரு கோரிக்கை மட்டும்தான். எவ்வளவு கொடுப்பது, எவ்வளவு வேகமாகக் கொடுப்பது என்பதெல்லாம் அந்த அட்டவணையின் கையில்.

கம்பெனிக்காரன் அந்த அட்டவணையை வேண்டுமென்றே கொஞ்சம் மந்தமாகத்தான் வைப்பான். டிராஃபிக்கில் ஊர்ந்து போகும்போது வண்டி குலுங்கக் கூடாது, மைலேஜ் வர வேண்டும், புகைச் சோதனையில் தேற வேண்டும், புதிதாக ஓட்டக் கற்றவர் முன்னால் நிற்கிற ஆட்டோவில் போய் இடிக்கக் கூடாது. அதற்காகப் பல வண்டிகளில் முதல் இரண்டு கியரில் டார்க் ஏறும் வேகத்தையே தனியாக மட்டுப்படுத்தியிருப்பார்கள். எகோ, சிட்டி, ஸ்போர்ட் என்று மோடு இருக்கும் வண்டி உங்களிடம் இருந்தால் இப்போதே போய்ப் பாருங்கள். எகோவில் பாதி மிதித்தால் சோம்பலாகப் போகிற வண்டி, ஸ்போர்ட்டில் அதே பாதிக்குத் துள்ளும். பட்டனைத் தட்டியதில் எஞ்சினுக்குள் ஒரு போல்ட்கூட மாறவில்லை.

ரீமேப் செய்கிறவர் முதலில் கை வைப்பது இந்த அட்டவணையில்தான். 30 சதவீத மிதிக்கு முன்பு கிடைத்ததைவிட இரண்டு மடங்கு டார்க் கிடைக்கும்படி எண்களை ஏற்றிவிடுவார். கடையை விட்டு வெளியே வந்து முதல் சிக்னல் தாண்டியதுமே உங்களுக்குச் சிரிப்பு வந்துவிடும். வண்டிக்கு உயிர் வந்த மாதிரி இருக்கும். பெடல் பாக்ஸ் என்று தனியாக ஒரு டப்பா விற்கிறார்களே, பெடல் சென்சாருக்கும் ஈசியுவுக்கும் நடுவில் மாட்டுவது, அது இந்த ஒரு வேலையை மட்டுமே செய்கிறது. ஈசியுவை அது தொடவே தொடாது. வீட்டுக் குழாயின் திருகை மாற்றி, கால் திருப்பு திருப்பினாலே முழுசாகத் திறக்கும்படி செய்துவிட்டால் வாளி சீக்கிரம் நிரம்புகிற மாதிரி தெரியும். மாடித் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர் என்னவோ அதேதான்.

கிடைத்தது பவரா, வெறும் பெடல் அட்டவணையா என்று கண்டுபிடிக்க, பவரை அளக்கும் டைனோ இயந்திரம் எல்லாம் தேவையில்லை. ஆளில்லாத நேரான ரோடு, மூன்றாவது கியர், 40 கிலோமீட்டர் வேகம். அங்கிருந்து பெடலைத் தரை வரை மிதித்து 80 தொட எத்தனை விநாடி ஆகிறது என்று போனில் ஒரு ஜிபிஎஸ் ஆப் வைத்துக் குறித்துக்கொள்ளுங்கள். ரோட்டில் கண்ணுக்குத் தெரியாத ஏற்றம் இருக்கும், அதனால் போகும்போதும் பாருங்கள், திரும்பி வரும்போதும் பாருங்கள். ரீமேப்புக்கு முன்பும் பின்பும் ஒரே ரோடு, ஒரே ஆட்கள், ஏசி ஒரே நிலை. முழு மிதியில் நேரம் குறைந்திருந்தால் உங்களுக்குப் பவர் கிடைத்திருக்கிறது. அரை மிதியில் துள்ளி, முழு மிதியில் அதே விநாடிதான் என்றால், நீங்கள் வாங்கியது வெறும் பெடல் அட்டவணை. என் சித்தப்பா மகன் டர்போ இல்லாத தன் பெட்ரோல் ஹேட்ச்பேக்குக்கு ரீமேப் போட்டுவிட்டு, "அண்ணா, கால் வெச்சாலே போகுதுண்ணா" என்று கொண்டாடினான். முழு மிதியில் நேரம் பார்த்தோம். பழைய நேரத்துக்கும் புதிய நேரத்துக்கும் வித்தியாசம் சொல்லுகிற அளவில் இல்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாமோ என்றுகூடத் தோன்றியது.

டர்போ இல்லாத எஞ்சினில் ஏன் இப்படி என்றால், அது காற்றுமண்டலம் தருகிற காற்றை மட்டுமே இழுத்துக்கொள்ள முடியும். காற்று கூடாமல் பெட்ரோலைக் கூட்டி என்ன பயன்? ஒரு பங்கு பெட்ரோல் முழுசாக எரிய, எடைக் கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும் என்பது வேதியியல், அதோடு பேரம் பேச முடியாது. மிச்சமிருப்பது ஸ்பார்க் எப்போது விழ வேண்டும் என்கிற டைமிங். அதையும் கம்பெனி ஏற்கெனவே நுணுக்கமாகத்தான் வைத்திருக்கும். நான்காம் தலைமுறை ஹோண்டா சிட்டியின் 1.5 பெட்ரோல் 119 பிஎஸ் (குதிரைத்திறன்) தந்தது. அதைக் கசக்கிப் பிழிந்தால் 5 சதவீதம், அதாவது ஒரு 6 பிஎஸ் கிடைக்கலாம். சென்னையில் டிசம்பர் காலை 25 டிகிரிக்கும் மே மாத மதியம் 40 டிகிரிக்கும் நடுவில் காற்றின் அடர்த்தியே கிட்டத்தட்ட 5 சதவீதம் குறைகிறது. காசு கொடுத்து வாங்கியதை வெயில் வாங்கிக்கொண்டு போய்விடும். டர்போ இல்லாத வண்டிக்காரர்கள் அந்தப் பணத்தில் நல்ல டயர் போடுங்கள். பெடல் மந்தம்தான் எரிச்சல் என்றால், அதற்கு மட்டும் பெடல் பாக்ஸ் போதும், இன்னும் மலிவு.

டர்போ வண்டி வேறு கதை. அங்கே காற்றை அழுத்தி உள்ளே தள்ளுவது டர்போ. எவ்வளவு அழுத்த வேண்டும் என்று சொல்வது ஈசியு. அந்த எண்ணைக் கூட்டி, கூடவே எரிபொருளையும் கூட்டினால் உண்மையான பவர் கிடைக்கும். பாகம் எதையும் மாற்றாமல் மென்பொருளை மட்டும் மாற்றும் ஒழுங்கான ஸ்டேஜ் 1 மேப்பில் டார்க் 20 முதல் 30 சதவீதம் வரை ஏறுவது சகஜம். 110 பிஎஸ் பவரும் 175 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்த ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐயில் அது எப்படி இருக்கும் என்று ஓட்டியவர்களைக் கேளுங்கள், விடிய விடியப் பேசுவார்கள். ஹைவேயில் லாரியைத் தாண்டும் தூரம் கண்ணுக்குத் தெரிந்து குறையும். இதை நான் மறுக்கவே இல்லை.

ஆனால் டர்போ வண்டியிலும் ரெஸ்பான்ஸுக்கு ஓர் எல்லை இருக்கிறது. நம் ஊர் டீசல் ஸ்விஃப்ட், டிசையரைவிட இதற்கு நல்ல உதாரணம் இல்லை. ஃபியட் வடிவமைத்த 1248 சிசி மல்டிஜெட். 75 பிஎஸ், 190 நியூட்டன் மீட்டர், அதுவும் 2000 ஆர்பிஎம்மில். அதற்குக் கீழே எஞ்சின் தூங்கும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏதாவது ஒன்றில், இரண்டாவது கியரில் 1500க்குக் கீழே இறங்கிவிட்டு மேலே ஏற மாட்டேன் என்று அது அடம்பிடிப்பதைப் பார்க்காத ஸ்விஃப்ட் டீசல்காரர் இருக்க முடியாது. "இந்த லேக்கை எடுத்துவிடு" என்று, இந்தத் தாமதத்தைப் போக்கச் சொல்லித்தான் அவர் ரீமேப் செய்கிற டியூனரிடம் போகிறார்.

எடுக்க முடியாது. டர்போவைச் சுற்றுவது எஞ்சின் வெளியே தள்ளும் புகையின் வேகம். 1500 ஆர்பிஎம்மில் அந்தப் புகை போதாது. இதே மல்டிஜெட் எர்டிகாவிலும் சியாஸிலும் 90 பிஎஸ், 200 நியூட்டன் மீட்டராக, 1750 ஆர்பிஎம்மிலேயே வந்தது. ஆனால் அது வெறும் மென்பொருளால் வந்த வித்தியாசம் இல்லை. அதில் புகை போகும் வழியைக் குறுக்கவும் அகட்டவும் செய்கிற நகரும் இறகுகள் கொண்ட டர்போ. ஸ்விஃப்ட்டில் இருந்தது நகரும் இறகுகள் இல்லாத டர்போ. லேப்டாப்பால் 90 பிஎஸ் என்கிற எண்ணைத் தொடலாம், இறகுகளை டவுன்லோட் செய்ய முடியாது. 75 பிஎஸ் மல்டிஜெட்டை ரீமேப் செய்தால் 2000க்கு மேலே உதை பலமாகும். கீழே தூக்கம் கொஞ்சம் குறையும், போகாது. மேலே உதை கூடியதால் கீழே இருக்கும் சோம்பல் முன்பைவிட நன்றாகத் தெரியும். சில டியூனர்கள் அங்கே டீசலைத் திணித்து ஒப்பேற்றுவார்கள். எரியக் காற்றில்லாத டீசல் கரும்புகையாகப் பின்னால் வரும். அப்படிப் புகை விட்டுக்கொண்டு போவதைப் பெருமையாக வீடியோ போடுகிறவர்களிடம் எனக்குப் பேச ஒன்றுமில்லை. வளைவுக்கு முன்னால் முதல் கியருக்கு இறங்குவதுதான் சரி.

"கம்பெனி ஏன் பவரை ஒளித்து வைக்கிறான்?" என்று கேட்பார்கள். ஒளித்து வைக்கவில்லை, இடம் விட்டு வைத்திருக்கிறான். ஒரே மேப் லடாக் குளிரிலும் ராஜஸ்தான் வெயிலிலும் ஓட வேண்டும். ஆயில் மாற்றத் தள்ளிப்போடுகிறவரிடமும், மலிவு பங்கில் பெட்ரோல் அடிக்கிறவரிடமும் வாரண்டி முடியும்வரை தாங்க வேண்டும். அந்த விட்டு வைத்த இடத்தைத்தான் ரீமேப் தின்கிறது. பெட்ரோல் டர்போவில் நாக்கிங் (பெட்ரோல் தானாகவே தாறுமாறாக வெடிப்பது) வந்தால் சென்சார் கேட்டு டைமிங்கைப் பின்னால் இழுத்துவிடும். 95க்கு மேல் ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) வேண்டும் என்று எழுதிய மேப்பைப் போட்டுக்கொண்டு அதைவிடக் குறைந்த பெட்ரோல் அடித்தால், காசு கொடுத்த பவர் அங்கேயே போய்விடும். இப்போது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வேறு. எத்தனால் கலந்ததில் காற்றின் விகிதம் 14.7 அல்ல, 13.5ஐ ஒட்டி. பழைய பெட்ரோலுக்கு எழுதின கோப்பை இன்றும் அப்படியே ஏற்றுகிறாரா என்று டியூனரைக் கேளுங்கள். கேள்வி கேட்டதும் முகம் சுளித்தால் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.

நல்ல டியூனர் இல்லாமல் இல்லை. கோவைப் பக்கம் ரேஸ் வண்டிகளோடு பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் முதலில் உங்கள் வண்டியை ஓட்டிப் பார்த்து, டர்போ தரும் அழுத்தமான பூஸ்ட் எவ்வளவு, உள்ளே போகும் காற்றின் சூடு எவ்வளவு, நாக்கிங் வருகிறதா என்று பதிவு எடுப்பார்கள். இன்ஜெக்டர் சரியில்லை, முதலில் அதைப் பார் என்று திருப்பி அனுப்பினாலும் அனுப்புவார்கள். மற்ற வகை, எங்கிருந்தோ வாங்கின கோப்பை கணினியை இணைக்க வண்டியில் இருக்கும் ஓபிடி சாக்கெட் வழியாக ஏற்றிவிட்டு, டீ வருவதற்குள் "முடிஞ்சுது சார்" என்று சொல்லும். உங்கள் வண்டியின் பழைய மேப்பை உங்கள் கையில் ஒரு பிரதி கொடுக்காதவரிடம் செய்யாதீர்கள்.

அப்புறம் கியர்பாக்ஸ். இதை யாரும் பேசுவதில்லை. ஃபோக்ஸ்வாகன் விர்டஸ், டைகுன் 1.5 டிஎஸ்ஐ கம்பெனியிலிருந்தே 250 நியூட்டன் மீட்டரோடு வருகிறது. அதோடு வரும் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி தானியங்கி கியர்பாக்ஸுக்குக் குறித்த அளவும் 250தான். அதன் மேல் இன்னும் 50, 60 ஏற்றினால் எது முதலில் கையை விரிக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மேனுவல் வண்டியில் கிளட்ச் வழுக்கும், மாற்றிவிடலாம். டிஎஸ்ஜி பில் வந்தால் வீட்டில் சொல்ல முடியாது.

மைலேஜும் கூடும் என்பார்கள். பழைய மாதிரியே ஓட்டினால் டீசலில் கொஞ்சம் கூடலாம். ரீமேப் போட்டுவிட்டுப் பழைய மாதிரி ஓட்டுகிறவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் கம்பெனி வரையறுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தம் வந்தபிறகு, அனுமதிக்கப்படாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். மென்பொருள் மாற்றம் போலீஸ் கண்ணுக்குத் தெரியாதுதான். ஆனால் விபத்து நடந்து இன்ஷூரன்ஸ்காரர் துருவினால் தெரியும். 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வாகன் மாட்டிக்கொண்டதும் ஈசியு மென்பொருளில்தான். சோதனையில் ஒரு மாதிரி, ரோட்டில் வேறு மாதிரி ஓடும்படி எழுதியிருந்தார்கள், உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில். அவ்வளவு பெரிய கம்பெனி ஒளித்து வைத்ததே வெளியே வந்தது. வாரண்டியில் இருக்கும் வண்டியை சர்வீஸ் சென்டரில் கணினியோடு இணைத்தால், மேப் மாறியிருப்பதைக் காட்டிக்கொடுக்கும் வழிகள் பல கம்பெனிகளிடம் இருக்கின்றன. ஃபோக்ஸ்வாகன் குழும வண்டிகளில் டிடி1 என்று ஒரு குறியே விழும். அது விழுந்தால் எஞ்சின், கியர்பாக்ஸ் வாரண்டியை மறந்துவிடலாம்.

இவ்வளவுக்கும் பிறகு, வாரண்டி முடிந்த, சர்வீஸ் ஒழுங்காகப் பார்த்த, மேனுவல் கியர் டர்போ வண்டி வைத்திருக்கிறீர்கள், என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்கிறீர்கள் என்றால், உங்களைத் தடுக்க நான் யார். செய்தால் ஸ்டேஜ் 1ஓடு நிறுத்துங்கள், பிரேக் பேடையும் டயரையும் முதலில் பாருங்கள்.

செகண்ட்ஹேண்டில் டர்போ வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. விற்கிறவர் பழைய மேப்பைத் திரும்ப ஏற்றிவிட்டு "எதுவும் செய்யலை சார், கம்பெனி வண்டி" என்பார். நாலாவது கியரில் 2000 ஆர்பிஎம்மிலிருந்து முழுசாக மிதித்துப் பாருங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் முள் மட்டும் ஏறினால் கிளட்ச் போய்விட்டது. சைலன்சர் வாயில் விரல் விட்டுப் பாருங்கள், பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசலில் கரி கெட்டியாக ஒட்டினால், கரியை வடிகட்டும் டிபிஎஃப் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறதா என்று லிஃப்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு, அப்புறம் விலை பேசுங்கள்.