இரண்டு வார கால அவகாசம்

2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமர் கொழும்பில் இருந்தபோது ஏழு புரிந்துணர்வு உடன்படிக்கைகள் கைச்சாத்திடப்பட்டன. பாதுகாப்பு ஒத்துழைப்பு, இரு நாட்டு மின்கட்டமைப்புகளை இணைத்தல், திருகோணமலை எரிசக்தி மையம், கிழக்கு மாகாணத்துக்கான உதவி என்று அவற்றுள் பல விடயங்கள் அடங்கியிருந்தன. அவற்றின் முழுப் பிரதிகளையும் சபையில் சமர்ப்பியுங்கள் என்று எதிர்க்கட்சி மாதக் கணக்கில் கேட்டது. மற்ற நாட்டின் சம்மதம் இல்லாமல் அவற்றை வெளியிட முடியாது என்றது அரசாங்கம். பிரதிகளைக் கேட்பதே நாட்டுக்குச் செய்யும் துரோகம் என்று என்னுடைய முகநூல் நண்பர்கள் சிலர் எழுதியிருந்தார்கள். கஷ்ட காலத்தில் கைகொடுத்த அயல்நாட்டின் மனத்தை நோகடிக்கிறார்கள் என்பது அவர்களுடைய வாதம்.

உயர்தர வகுப்பில் முப்பது வருடம் கணக்கீடு கற்பித்த ஆசிரியன் என்ற வகையில் எனக்கு இந்த வாதம் விளங்கவேயில்லை. எமது நாட்டில் வெளிவிவகாரமும் திறைசேரியும் ஒரே பெட்டிக்குள் கிடக்கின்றன. துறைமுகம், விமான நிலையம், உரம், மின்சாரம் என எதைத் தொட்டாலும் அதன் ஒரு முனையில் இன்னொரு நாட்டின் தூதரகமும் மறுமுனையில் எமது வரிப்பணமும் இருக்கின்றன. ஆகவே ஒன்றைப் பற்றிக் கேட்கலாம், மற்றதைப் பற்றி வாய்திறக்கக் கூடாது என்று கோடு கிழிக்க முடியாது. அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை அரச நிதியின் மீதான முழுக் கட்டுப்பாட்டையும் பாராளுமன்றத்துக்கே கொடுக்கிறது. “வெளிநாட்டுடன் சம்பந்தப்பட்ட பணம் நீங்கலாக” என்று அதில் எழுதப்படவில்லை.

பாராளுமன்ற அமர்வுகளைத் தொடர்ந்து கேட்பவர்களுக்கு ஒரு வசனம் மனப்பாடமாகியிருக்கும். வாய்மூல விடைக்கான வினா அழைக்கப்படும்; ஆளும் தரப்பிலிருந்து ஒருவர் எழுந்து, “இரண்டு வார கால அவகாசம் கோருகின்றேன்” என்பார்; சபாநாயகர் அடுத்த வினாவுக்குப் போய்விடுவார். வினா மீண்டும் ஒழுங்குப் பத்திரத்துக்கு வரும்போது மக்கள் வேறு ஏதோ ஒரு வரிசையில் நின்றுகொண்டிருப்பார்கள்.

2022 ஜனவரியை நினைத்துப் பாருங்கள். அதற்கு முந்திய ஏப்ரல், மே மாதங்களில் இரசாயன உரத்துக்கு ஒரே இரவில் என்பதைப் போலத் தடை போட்டார்கள். அதன் இடத்தை நிரப்பச் சீன நிறுவனம் ஒன்றிடம் 99,000 தொன் சேதனப் பசளைக்கு ஒப்பந்தம் செய்தார்கள். முதல் தொகுதியாக 20,000 தொன்னை ஏற்றிக்கொண்டு ஹிப்போ ஸ்பிரிட் என்ற கப்பல் வந்தது. மாதிரிகளில் பயிருக்குத் தீங்கு செய்யும் பக்டீரியா இருப்பதாக எமது தாவரத் தடுப்புக்காப்புச் சேவை சொன்னது. பணம் செலுத்துவதை வணிக மேல் நீதிமன்றம் இடைநிறுத்தியது. உடனே சீனத் தூதரகம் மக்கள் வங்கியைக் கறுப்புப் பட்டியலில் போட்டது. ஒரு வியாபாரப் பிணக்கு இராஜதந்திரப் பிணக்காக மாறுவதற்குப் பிடித்த காலம் அவ்வளவுதான். கடைசியில் ஜனவரி முதல் வாரத்தில், ஒரு மூடை பசளைகூட இறங்காத அந்தக் கப்பலுக்காக ஏறக்குறைய 6.9 மில்லியன் டொலரைச் செலுத்தினோம். அதே வாரக் கடைசியில் சீன வெளிவிவகார அமைச்சர் கொழும்பில் வந்திறங்கினார். இரண்டுக்கும் தொடர்பு இருந்தது என்று நான் சொல்லவில்லை. தொடர்பு உண்டா என்று ஒரு பாராளுமன்ற உறுப்பினர் கேட்பது அவருடைய தொழில் என்றுதான் சொல்கிறேன்.

அந்தப் பெரும்போகத்தில் கிளிநொச்சியில் என் மாமாவின் வயலுக்குப் போயிருந்தேன். இரணைமடுத் தண்ணீர் வாய்க்காலில் நிறைந்து ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் பயிர் முழங்காலுக்கு மேல் எழும்பவில்லை. இலை வைக்கோல் நிறத்துக்கு மாறியிருந்தது. வரம்பில் நின்றபடி மாமா ஒரு பயிர்த் தண்டைப் பிடுங்கி என் கையில் வைத்து, “தம்பி, இது நெல்லில்லை, புல்லு” என்றார். ஏக்கருக்கு 25 மூடை அள்ளிய காணியில் அந்த வருடம் 11 மூடைதான் கிடைத்தது. கப்பல்காரனுக்குக் காசு கொடுத்தாயிற்று என்று பத்திரிகையில் வாசித்தபோது அவர் கோபப்படக்கூட இல்லை. எந்தக் கணக்கில் எழுதுவார்கள் என்று மட்டும் என்னிடம் கேட்டார். கணக்கு வாத்தியாருக்கு அதற்குப் பதில் தெரியவில்லை.

அதே மாதம் 18ஆம் திகதி இன்னொரு கொடுப்பனவும் நடந்தது. சர்வதேச முறிகளுக்காக, அதாவது வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு விற்ற கடன் பத்திரங்களுக்காக, 500 மில்லியன் டொலர் கட்டினார்கள். கட்ட வேண்டாம், கடனை மறுசீரமைக்கக் கேளுங்கள், அந்த டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வைத்திருங்கள் என்று எதிர்க்கட்சி வரிசையிலிருந்து சொன்னார்கள். அவர்களில் ஹர்ஷ டி சில்வா முக்கியமானவர். வெளிநாட்டு ஒதுக்கு, அதாவது நாட்டின் டொலர் கையிருப்பு, ஜனவரியில் பூச்சியத்துக்கும் கீழே 437 மில்லியன் டொலர் மறைக்குப் போகும் என்றும், பெப்ரவரி தொடக்கம் ஒக்டோபர் வரை 4.8 பில்லியன் டொலர் வெளிக்கடன் கட்டவேண்டியிருக்கிறது என்றும், நாடு வங்குரோத்தாகும் என்றும் அவர் சபையில் எண்களோடு சொல்லியிருந்தார்.

ஜனவரியில் உத்தியோகபூர்வக் கணக்கில் அப்படி ஒரு மறைப் பெறுமானம் வரவில்லை. ஏன் வரவில்லை என்பதில்தான் விடயம் இருக்கிறது. 2021 நவம்பர் முடிவில் 1.6 பில்லியனாகக் கிடந்த ஒதுக்கு, டிசம்பர் முடிவில் 3.1 பில்லியனாகத் துள்ளிக் குதித்தது. அந்தத் துள்ளலில் பெரும்பகுதி சீன மத்திய வங்கியுடனான 1.5 பில்லியன் டொலர் பெறுமதியான நாணய மாற்று, அதாவது இரு மத்திய வங்கிகளும் தங்கள் நாணயங்களைத் தற்காலிகமாகக் கைமாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. ஆனால் மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான ஒதுக்கு எம்மிடம் இருந்தால் மட்டுமே அந்தப் பணத்தைத் தொடலாம் என்று ஒரு நிபந்தனை இருந்தது. மத்திய வங்கிக்குப் புதிய ஆளுநர் வந்த பிறகே அது பொதுவெளிக்கு வந்தது. பசி இல்லாதவன் மட்டும் சாப்பிடலாம் என்ற சோறு அது. பக்கத்து வீட்டுக்காரர் பூட்டுப் போட்டு எங்கள் அலுமாரிக்குள் வைத்த பணத்தை “கையிருப்புக் காசு” என்று ஒரு மாணவன் ஐந்தொகையில் எழுதியிருந்தால் நான் புள்ளி கொடுத்திருக்க மாட்டேன். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிக்கடனைக் கட்டமுடியாது என்று அறிவித்தோம். மே மாதத் தொடக்கத்தில், பாவிக்கக்கூடிய ஒதுக்கு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு என்று நிதி அமைச்சர் சபையில் சொன்னார்.

நாணய மாற்று உடன்படிக்கையின் நிபந்தனைகள் என்ன என்ற ஒற்றைக் கேள்விக்கு 2021 டிசம்பரில் ஒழுங்கான பதில் கிடைத்திருந்தால் அந்த 3.1 பில்லியனை யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அப்போது அது “நட்பு நாட்டுடனான விவகாரம்”.

இந்தியாவின் பக்கத்திலும் கதை இதுவேதான். 2022 ஜூன் 9ஆம் திகதி மின்சாரச் சட்டத்தைத் திருத்திப் போட்டி விலைமனுத் தேவையைத் தளர்த்தினார்கள். அடுத்த நாள், அரச நிறுவனங்களை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவான கோப் குழுவின் முன்னால் மின்சார சபையின் தலைவர், மன்னார் காற்றாலைத் திட்டத்தை அதானி குழுமத்துக்குக் கொடுக்கும்படி இந்தியப் பிரதமர் வற்புறுத்துவதாக ஜனாதிபதி தன்னிடம் சொன்னார் என்று கூறினார். ஜனாதிபதி மறுத்தார், தலைவர் தன் கூற்றை மீளப் பெற்று, சில நாட்களில் பதவி விலகினார். உண்மை எதுவாக இருந்தாலும், ஒரு குழு அறையில் கேட்கப்பட்ட கேள்வியால்தான் அந்தத் திட்டத்தின் விலை பேசுபொருளானது. பின்னர் ஓர் அலகுக்கு 8.26 அமெரிக்க சதம் என்ற அந்த விலையைப் புதிய அரசாங்கமும் அதிகம் என்று கருதியது. 2025 பெப்ரவரியில் நிறுவனம் தானாகவே விலகிக்கொண்டது. மன்னாரிலும் பூநகரியிலும் அமையவிருந்த காற்றாலைகள் பற்றி எங்கள் ஆட்கள் பறவைகளையும் மீன்பிடியையும் வைத்துத்தான் அதிகம் பேசினார்கள். அதுவும் தேவைதான். என்றாலும் 20 வருடத்துக்கு நாங்கள் கட்டப்போகும் மின்பட்டியலைப் பற்றி வடக்கிலிருந்து எழுந்த குரல் குறைவு என்பது என்னுடைய வருத்தம்.

எதிர்க்கட்சிக்கு நான் நற்சான்றிதழ் எழுதவில்லை. அம்பாந்தோட்டைத் துறைமுகத்தின் முதற்கட்டத்துக்காகச் சீன எக்சிம் வங்கியிடம் 6.3 சதவீத வட்டிக்கு 307 மில்லியன் டொலர் வாங்கியவர்களே, 2017இல் எதிர் வரிசையில் இருந்துகொண்டு, துறைமுகம் 99 வருடக் குத்தகைக்குப் போகிறது என்று தெருவில் இறங்கினார்கள். “நாட்டை விற்கிறார்கள்” என்ற கூச்சலில் கேட்கவேண்டிய கேள்வி அமுங்கிப் போயிற்று. குத்தகையால் கிடைத்த 1.12 பில்லியன் டொலர் துறைமுகக் கடனை அடைக்கவில்லை. அது வெளிநாட்டு ஒதுக்கைத் தூக்கி நிறுத்தப் போனது; கடன் திறைசேரியின் தலையில் அப்படியே இருந்தது. சொத்து கைமாறிய பிறகும் அதன் கடனை ஏன் நாங்கள் கட்டுகிறோம் என்பதைத் தெருவில் கத்தத் தேவையில்லை, கணக்கைத் திறந்து வைத்துக் கேட்டாலே போதும். இன்றைக்கும் சில உறுப்பினர்கள் காணொளிக்காகக் கேள்வி கேட்கிறார்கள். பதில் வரும் நேரத்தில் ஆசனத்தில் ஆள் இல்லை.

ஆனால் ஆளும் தரப்புக்குச் சொல்ல வேண்டியது இதைவிடக் கனமானது. 2021இல் யுகதனவி மின்நிலையப் பங்குகளை அமெரிக்க நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தைச் சபைக்குக் கொண்டுவாருங்கள் என்று உரத்துக் கேட்டவர்களில் இன்று ஆளும் தேசிய மக்கள் சக்தியும் இருந்தது. அப்போது அவர்களிடம் மூன்று ஆசனங்கள் இருந்தன. மூன்று ஆசனத்தோடு கேட்ட அதே கேள்வியை இன்று 159 ஆசனத்தோடு இருக்கும் அவர்களிடம் மற்றவர்கள் கேட்கும்போது மட்டும் அது ஏன் மற்ற நாட்டின் சம்மதத்துக்குக் காத்திருக்க வேண்டும்? தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வெளிநாட்டு உறவுக்கான விதிவிலக்கு இருக்கிறதுதான். அந்த விதிவிலக்கு, உறவுக்குக் கடுமையான பாதகம் நேரும் தகவலுக்கும், நம்பிக்கையின் பேரில் பரிமாறப்பட்ட தகவலுக்கும் உரியது. எமது பக்கத்தில் எந்த வருடத்தில் எவ்வளவு செலவு விழும் என்ற எண் அந்த வகைக்குள் அடங்காது.

இந்த நாட்டில் அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கு எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவரே தலைமை தாங்க வேண்டும் என்று நிலையியற் கட்டளை சொல்கிறது. பாதுகாப்பு விடயங்கள் இரகசியம் என்றால், உடன்படிக்கையைக் கதவைச் சாத்திவிட்டு அந்தக் குழுவின் மேசையில் வைக்கலாம். கொடுப்பனவு அட்டவணையை மட்டும் எங்களுக்குத் தரலாம். தூதரகம் எதுவும் இதனால் கோபிக்கப் போவதில்லை. மாமா இந்தப் போகத்துக்கு உரம் எடுத்துவிட்டார். அந்தக் கப்பல் பற்றிய பத்திரிகைத் துண்டு இன்னும் அவருடைய நெல் விற்ற பற்றுச்சீட்டுக்களோடுதான் கிடக்கிறது.