இரைச்சலைத் துடைக்காதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள்

பாலக்காட்டுப் பக்கத்துக் கொழிஞ்சாம்பாறையில் மார்கழி, தை மாதங்களைக் கழித்தவர்களுக்குத் தெரியும். கணவாய் வழியாகக் கிழக்கே இருந்து வரும் காற்று பனையோலைகளைப் பிடித்து ஆட்டினால், பக்கத்தில் பேசுவதுகூடக் காதில் விழாது. அந்தச் சத்தத்துக்குள்ளிருந்து எங்கள் அம்மாயி மாட்டு மணியைப் பிரித்து எடுத்துவிடுவார். ஆனால் ஒரு தரம் கேட்டதும் எழுந்து போக மாட்டார். "இரு கண்ணு, இன்னொருக்கா கேக்கட்டும்."

நான் இப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், ஒரு கல்லூரியில் என்எம்ஆர் மெஷின் ஓட்டுகிறேன். சாம்பிளைப் பெரிய காந்தத்துக்குள் வைத்து, அதன் அணுக்கருக்கள் போடும் மெல்லிய ரேடியோ சத்தத்தைக் கேட்கிற மெஷின். இரைச்சலுக்குள்ளிருந்து மணியைப் பிரிக்கிற அதே வேலைதான். 400 மெகாஹெர்ட்ஸ் மெஷினில், பத்து லட்சம் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வைத்தால், எதிர்ப் பக்கத்தைவிட ஒரு பக்கம் கூடுதலாக நிற்பது சுமார் முப்பதுதான். மற்றதெல்லாம் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு போய்விடும். கார்பன் இன்னும் மோசம். நூற்றில் 99 ஊமை. பேசுகிற கார்பன்-13 வெறும் 1.1 சதவீதம், அதன் காந்த வலுவும் ஹைட்ரஜனில் கால்வாசி. 1966-ல் ரிச்சர்ட் எர்ன்ஸ்டும் வெஸ்டன் ஆண்டர்சனும், அதிர்வெண்ணை மெல்ல மெல்ல நகர்த்திப் பார்ப்பதை விட்டுவிட்டு, ஒரே துடிப்பில் எல்லாவற்றையும் தட்டி எழுப்பி, வரும் கலப்புச் சத்தத்தை ஃபூரியர் கணக்கில் தனித்தனி அதிர்வெண்ணாகப் பிரிக்கலாம் என்று காட்டினார்கள். ஒரு தடவை கேட்பது சில வினாடி வேலையாகிவிட்டது. அதனால்தான் ஆயிரம் தடவை கேட்க முடிகிறது. எர்ன்ஸ்டுக்கு 1991-ல் வேதியியல் நோபல்.

சரி, கணக்கு கசப்பானது. ஒரு தடவை கேட்பது ஒரு ஸ்கேன். சிக்னல் ஸ்கேன் எண்ணிக்கைக்கு நேராகக் கூடும், இரைச்சல் அதன் வர்க்கமூலமாக. ஒரு ஸ்கேனுக்கு இரண்டரை வினாடி என்றால் 1024 ஸ்கேன் முக்கால் மணி நேரத்துக்குள் முடியும். அதைவிட நாலு மடங்கு தெளிவு வேண்டுமா? 16,384 ஸ்கேன், பதினொரு மணி நேரத்துக்கு மேல்.

இங்கேதான் பிள்ளைகள் அவசரப்படுகிறார்கள். போன வாரம் ஒரு மாணவி இரண்டு மில்லிகிராம் சாம்பிளோடு வந்தாள். முக்கால் மணி நேர டேட்டாவில் லைன் பிராடனிங்கை, அதாவது கோட்டை அகலமாக்கி இரைச்சலை மழுக்கும் கணக்கை, 10 ஹெர்ட்ஸ் வைத்து மழித்திருந்தாள். ஸ்பெக்ட்ரம் என்கிற வரைபடத்தின் தரை, பீக் எனப்படும் கூர்முனைகள் எழாத அடிக்கோடு, வழவழவென்று இருந்தது. ஆனால் 5 ஹெர்ட்ஸ் தள்ளி இருந்த இரண்டு கார்பன் ஒன்றாகிவிட்டது. அப்புறம், இரைச்சலை நீக்கித் தரும் புது ஏஐ மென்பொருளிலும் போட்டுப் பார்த்தாளாம். எனக்கு அதில் பயம் உண்டு. தான் பழகிய மாதிரி பீக்கைப் பழகாத இடத்திலும் வரைந்துவிட்டால், அதை யார் கேட்பது?

சரி, ஸ்கேனைக் கூட்டினால் மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஒரு தை மாதம் அம்மாயியே ஏமாந்தார். மணி என்று நினைத்துப் போனால், மாட்டுக்கொட்டகைத் தகரம் ஒரே தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தது. தாளம் தப்பாத சத்தம், கேட்கக் கேட்கக் கூடத்தான் செய்யும். அந்த மாணவியின் ஸ்பெக்ட்ரத்திலும் சரியாக நடுவில் ஒரு பீக், ஸ்கேன் கூடக் கூட வளர்ந்தது. அதுதான் தேடிய கார்பன் என்று அவளுக்கு ஒரே சந்தோஷம். மெஷின் காது வைக்கும் நடு அதிர்வெண்ணைக் கொஞ்சம் நகர்த்தினேன். பீக்கும் கூடவே நகர்ந்து மறுபடி நடுவில் உட்கார்ந்தது. மூலக்கூறு அப்படி நகராது. மெஷின் போட்ட சத்தம் அது. ஒவ்வொரு ஸ்கேனிலும் துடிப்பையும் ரிசீவரையும் 90 பாகை சேர்த்துத் திருப்பினால் இது தன்னாலே அடிபடும். நாலு ஸ்கேனில் ஒரு முழுச் சுற்று. ஸ்கேனை நாலின் மடங்கில் வை என்று நான் கத்துவது அதற்குத்தான். அவள் வைத்திருந்தது ஒற்றை பேஸ், திருப்பவே இல்லை.

ராத்திரி 16,384 ஸ்கேன் போட்டுவிட்டு வேலந்தாவளம் பஸ் பிடித்தேன். காலையில் வந்து பார்த்தால் ஸ்பெக்ட்ரத்தின் அளவுகோலில் 170 பிபிஎம் பக்கம் கார்பனைல் (ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன்), தரையிலிருந்து ஒரு விரல் உயரம் எழுந்திருந்தது. அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இன்னும் நாலு மடங்கு விட்டா?" என்றாள்.

வரிசையில் ஏழு பேர் நிற்கிறார்கள் தங்கச்சி.