ரோசா பார்க்ஸ் கால் வலியால் எழ மறுக்கவில்லை

"வெள்ளையர் இருக்கையில் அமர்ந்த ஒரு மூதாட்டி கால் வலியால் எழ மறுத்தார், அமெரிக்கக் கறுப்பினப் போராட்டம் அப்படித்தான் தொடங்கியது" என்ற தகவல் வாட்ஸ்அப்பில் பரவுகிறது. இது தவறு.

1955 டிசம்பர் 1 அன்று அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகர பஸ்ஸில் எழ மறுத்துக் கைதான கறுப்பினப் பெண் ரோசா பார்க்ஸுக்கு அப்போது வயது 42. வெள்ளையர் இருக்கைகள் நிரம்பியதால், அதற்குப் பின்வரிசையில் இருந்த அவரை, வெள்ளையர் ஒருவருக்காக எழச் சொன்னார் ஓட்டுநர். நீதிமன்றத்தில் சமர்ப்பிக்கப்பட்ட இருக்கை வரைபடத்தை அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் பார்க்கலாம். உடல் களைப்பல்ல, அடங்கிப்போய்ச் சலித்ததே காரணம் என்று தன்வரலாற்றில் அவரே சொல்கிறார். கறுப்பின உரிமைச் சங்கமொன்றின் உள்ளூர்க் கிளைச் செயலாளராகப் பல்லாண்டு உழைத்தவர் அவர்.

ஒன்பது மாதம் முன்பே இதே ஊரில் இதேபோல் எழ மறுத்துக் கைதான 15 வயது கிளாடெட் கொல்வின், பஸ் புறக்கணிப்புக்கு அழைக்கும் துண்டறிக்கையை இரவோடு இரவாக ஆயிரக்கணக்கில் தயாரித்த ஜோ ஆன் ராபின்சன், 381 நாள் பஸ்ஸைப் புறக்கணித்து நடந்த மக்கள் என எல்லோரையும் அந்தத் தகவல் மறைத்துவிடுகிறது. தயவுசெய்து அதைப் பகிர வேண்டாம்.