ட்ராக் டேக்குப் பழைய கூபே: முதலில் எது கொதிக்கும்?

"ட்ராக் டேக்கு ஒரு பழைய ஸ்போர்ட்ஸ் கூபே வாங்கலாம்னு இருக்கேன், எத்தனை ஹார்ஸ்பவர் இருந்தா போதும்?" இன்பாக்ஸில் இந்தக் கேள்வி வராத மாதமே இல்லை. ட்ராக் டே என்றால் ரேஸ் ட்ராக்கில் நம் சொந்த வண்டியை விரட்டிப் பார்க்கும் நாள். கூடவே நாலைந்து விளம்பரங்களின் ஸ்க்ரீன்ஷாட்டும் வரும். எல்லாவற்றிலும் பானெட்டைத் திறந்து இன்ஜினைப் படம் எடுத்திருப்பார்கள். பிரேக்கை எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது.

என் பதில் கேட்டவருக்குச் சப்பென்றுதான் இருக்கும். பவர் கணக்கை ஓரமாக வையுங்கள். அந்த வண்டியை இருபது நிமிஷம் விடாமல் விரட்டினால் அதில் முதலில் எது கொதிக்கும் என்று கண்டுபிடியுங்கள். வாங்கலாமா வேண்டாமா, வாங்கினால் எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது எல்லாமே அதிலேயே வந்துவிடும்.

கொஞ்சம் பள்ளிக்கூடப் பௌதிகம். ஆள், பெட்ரோல் எல்லாம் சேர்த்து 1,300 கிலோ இருக்கிற வண்டி ட்ராக்கின் நேர்ப்பாதையான ஸ்ட்ரெய்ட்டின் கடைசியில் 200 கிமீ வேகத்தில் வருகிறது. வளைவுக்காக 80-க்கு இறக்குகிறீர்கள். அந்த ஒரு மிதியில் சுமார் 1.7 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக மாறியாக வேண்டும். சாதாரணத் தண்ணீர் ஐந்து லிட்டரைக் கொதிக்க வைக்க அது போதும். நடப்பது நாலு வினாடிக்குள், பெரும்பகுதி முன்பக்கத்து இரண்டு டிஸ்க்குகளில். அதே வேலையை 1,650 கிலோ வண்டியில் செய்தால் ஆறு லிட்டரைத் தாண்டிவிடும். ஒரு லேப்பில் இப்படி நாலைந்து இடம், ஒரு செஷனில் எத்தனை லேப் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். சாலையில் வருஷக்கணக்காகப் பிரச்சினையே தராத பிரேக் இங்கே மூன்றாவது லேப்பில் கையை விரிப்பது இதனால்தான்.

ஆகவே வாங்கும்போது நான் பார்க்கிற முதல் எண் எடை. பவர் கூடினால் ஸ்ட்ரெய்ட்டில் மட்டும் லாபம், அதுவும் அடுத்த பிரேக்கில் இன்னும் கொஞ்சம் சூடாகத் திரும்பி வரும். எடை குறைந்தால் பிரேக், டயர், வீல் பேரிங், சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ் எல்லாவற்றுக்குமே சுமை குறைகிறது. செலவும் குறைகிறது. ட்ராக் டேயில் காசைத் தின்பது பெரும்பாலும் டயரும், டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேடும்தான். வண்டி வாங்கும் செலவு ஒருமுறையோடு முடிந்துவிடும், இவை விடாது.

இந்தக் கணக்கில்தான் 2012-இல் வந்த முதல் தலைமுறை டொயோட்டா 86, சுபாரு பிஆர்இசட் இரட்டையர்கள் எனக்கு இன்றைக்கும் முதல் தேர்வு. எடை 1,250 கிலோவை ஒட்டி, பின்சக்கர டிரைவ், தாழ்வாகப் படுத்திருக்கும் 2.0 லிட்டர் பாக்ஸர் இன்ஜின், சுமார் 200 ஹார்ஸ்பவர். "இருநூறுதானா?" என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் பிதுக்கட்டும். அந்த இருநூறையும் வளைவு முடிவதற்கு முன்பே முழுசாக மிதித்து ஓட்டக் கற்றுக்கொள்ளலாம். பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தொடக்க கால வண்டிகளை வால்வு ஸ்ப்ரிங் குறைக்காக 2018-இல் திரும்ப அழைத்தார்கள். அதை மாற்ற இன்ஜினைக் கீழே இறக்கி, பிரித்து, சீலன்ட் போட்டு மூட வேண்டும். சீலன்ட்டை அள்ளிப் பூசினால் பிதுங்கிய துண்டு ஆயில் வழியை அடைக்கும். அதனால் அந்த வேலை நடந்ததா, நடந்தபின் வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். நடந்து முடிந்து நிறைய ஓடிய வண்டி என்றால் எனக்கு நிம்மதி.

நிசான் 370இசட் வேறு ரகம். 3.7 லிட்டர் வி6, 330 ஹார்ஸ்பவருக்கு மேல், காகிதத்தில் அள்ளிக் கொடுக்கும். ஆனால் தொடக்க கால வண்டிகளில் ஆயில் கூலர் கிடையாது. வெயில் நாளில் சில லேப் போனாலே ஆயில் முள் ஏறிக்கொண்டே போகும். ஒரு கட்டத்தில் கம்ப்யூட்டரே ஆர்பிஎம்மைக் கட்டிப் போட்டுவிடும். இன்ஜினைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்கிறது, ஆனால் உங்கள் செஷன் அவ்வளவுதான். இந்த வண்டிக்கு ஆயில் கூலர் ஆடம்பரம் கிடையாது. அதை வண்டி விலையோடு சேர்த்துக் கணக்குப் போட்டுவிட்டுப் பேரம் பேசுங்கள். க்ளட்ச்சைத் தள்ளும் ஸ்லேவ் சிலிண்டர் கியர்பாக்ஸுக்குள்ளேயே இருக்கிறது. சூட்டில் அது போனால் கியர்பாக்ஸை இறக்காமல் கை வைக்க முடியாது.

பிஎம்டபிள்யூ இ46 எம்3 மேல் ஆசை இல்லாதவர் யார்? அந்த 3.2 லிட்டர் நேர்வரிசை ஆறு சிலிண்டர் இன்ஜின் எட்டாயிரம் ஆர்பிஎம்மைத் தொடும்போது கேட்கிற சத்தத்துக்காகவே சிலர் வாங்குவார்கள். நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வாங்கும் முன் லிஃப்ட்டில் ஏற்றி, பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டமான சப்ஃபிரேம் மாட்டியிருக்கும் தரைத்தகட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே விரிசல் விடுவது இந்த வண்டிக்கே உரிய வியாதி. பிஸ்டனையும் க்ராங்க்கையும் இணைக்கும் கனெக்டிங் ராட்டின் பேரிங் மாற்றிய பில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அடுத்து வந்த 4.0 லிட்டர் வி8 எம்3-க்கும் பேரிங் கதை உண்டு, எடையும் கூடுதல்.

போர்ஷே கேமன் வாங்க வசதி இருந்தால் 2009-க்குப் பிந்தையதைத் தேடுங்கள். அதற்கு முந்தைய இன்ஜின்களில் கேம்ஷாஃப்ட்டுகளை ஓட்டும் இன்டர்மீடியட் ஷாஃப்ட்டின் பேரிங் போய்விடும் என்ற பேச்சு புதியவற்றில் இல்லை, அந்தப் பேரிங்கே இல்லை. மாஸ்டா ஆர்எக்ஸ்-8 ஓட்டுவதற்குச் சொர்க்கம், பராமரிப்பவருக்குத் தவம். ரோட்டரி இன்ஜினுக்கென்று உள்ள கருவியில் கம்ப்ரஷன் (இன்ஜினுக்குள் ஏறும் அழுத்தம்) பார்க்காமல் அந்த வண்டிக்கு முன்பணம் கொடுக்கவே கூடாது.

சரி, வண்டி முன்னால் நிற்கிறது. என்ன பார்ப்பது?

எல்லாரும் பெயின்ட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்கள். நான் முதலில் குந்தி உட்கார்ந்து சக்கரத்தின் கம்பிகளுக்கு இடையில் பார்ப்பேன். டிஸ்க்கின் முகத்தில் தலைமுடி அளவுக்குச் சின்னச் சின்னக் கீறல்கள் வலைபோல ஓடியிருக்கும். அது சூட்டின் கையெழுத்து. அவை ஒன்றுசேர்ந்து விளிம்பு வரை போயிருந்தால் டிஸ்க் முடிந்தது. பேடை டிஸ்க்கின்மேல் அழுத்தும் காலிப்பரின் சிவப்பு பெயின்ட் பழுப்பாகியிருக்கிறதா, பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் உறை பொரிந்து உதிர்கிறதா என்று பாருங்கள். வீல் ஆர்ச்சுக்குள் கையை விட்டுத் தடவினால் உருகி ஒட்டிய டயர்த் துணுக்குகள் அகப்படும். இவ்வளவும் இருந்தும் விற்பவர் "ட்ராக் பக்கமே போனதில்லைங்க" என்றால் மீதி விஷயங்களில் அவர் சொல்வதையும் அதே அளவுக்குத்தான் நம்ப வேண்டும்.

இங்கே எனக்கு ஊரோடு ஒத்துப்போகாத ஒரு கருத்து உண்டு. ட்ராக்கில் ஓடிய வண்டி என்றதும் பயந்து ஓடாதீர்கள். ட்ராக் ஓட்டுகிறவன் ஆயிலையும் பிரேக் ஃப்ளூயிட்டையும் அடிக்கடி மாற்றுவான், எந்தச் சின்னச் சத்தத்துக்கும் காது கொடுப்பான். பில் கட்டைத் தூக்கி மேஜையில் போட்டு "கேளுங்க" என்று உட்கார்கிறவரின் வண்டி, வாரக்கடைசியில் மட்டும் வெளியே எடுத்து வருஷக்கணக்காக ஆயில் மாற்றாத பளபளப்பான வண்டியைவிட எவ்வளவோ மேல். நான் பயப்படுவது ஒன்றுக்குத்தான்: தப்பான கியர். நாலாவதிலிருந்து ஐந்துக்குப் போக நினைத்து மூன்றில் தள்ளியவர்கள் உண்டு. அந்த நொடியில் இன்ஜின் வேகத்துக்கு எல்லை போடும் ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது, சக்கரமே இன்ஜினைச் சுழற்றிவிடும். வால்வு வளைந்ததா என்பது கம்ப்ரஷன் டெஸ்ட்டிலும், சிலிண்டரில் காற்றை ஏற்றிக் கசிவு பார்க்கும் லீக்டவுன் டெஸ்ட்டிலும் தெரியும். போர்ஷேயில் ஓவர்ரெவ் கணக்கு கம்ப்யூட்டரிலேயே பதிவாகியிருக்கும், கேட்டு வாங்குங்கள். பழைய ஆயிலில் ஒரு சின்ன பாட்டில் எடுத்து லேபுக்கு அனுப்பினால் பேரிங் தேய்மானம் ஈயமாகவும் செம்பாகவும் தெரிந்துவிடும். ஸ்கேனரில் பழுதுக் கோட் ஒன்றும் இல்லை, ஆனால் வண்டி தன்னைத்தானே சோதித்து முடித்ததா என்று சொல்லும் ரெடினஸ் மானிட்டர்கள் "தயாரில்லை" என்று காட்டினால் காலையில்தான் யாரோ அந்தக் கோட்களை அழித்திருக்கலாம்.

வாங்கியாயிற்று. இப்போதுதான் கை அரிக்கும். எக்ஸாஸ்ட், ஏர் இன்டேக், பின்னால் ஒரு பெரிய இறக்கை. கையைக் கட்டிக்கொண்டு முதலில் பிரேக் ஃப்ளூயிடை மாற்றுங்கள். எல்லா மாற்றங்களிலும் மலிவானது இது, உயிரைக் காப்பதும் இதுதான். டாட் 4 என்ற தரத்து ஃப்ளூயிட் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சம் 230 டிகிரி வரை கொதிக்கக் கூடாது என்பது விதி. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய நிலையில் அதே விதி கேட்பது 155 டிகிரிதான். ரேஸுக்கென்று விற்கும் ஃப்ளூயிட்கள் புதிதில் 300-ஐத் தாண்டும். ஃப்ளூயிட் கொதித்தால் என்ன ஆகும்? காலிப்பருக்குள் ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் வழக்கமான இடத்தில் நிற்காமல் மெத்தையில் கால் வைத்ததுபோலக் கீழே போகும். இரண்டு மூன்று தடவை வேகமாகப் பம்ப் அடித்தால் கொஞ்சம் திரும்பி வரும். அதற்குள் வளைவு வந்துவிட்டிருக்கும்.

பேட் சூடேறி வழுக்குவது வேறு. அதில் பெடல் கல்லுப்போல நிற்கும், வண்டிதான் நிற்காது. சாலைப் பேட் தாங்குகிற சூடு ட்ராக்கில் இரண்டே லேப்பில் வந்துவிடும். ட்ராக் பேட் போடுங்கள். அது கத்தும், சக்கரமெல்லாம் கருப்புத் தூசியாகும், காலைக் குளிரில் முதல் மிதிக்குப் பிடிக்காது. அதனால் சாலைக்கு ஒரு செட், ட்ராக்குக்கு ஒரு செட் என்று மாற்றிக்கொள்வதே நல்லது. ஆறு பிஸ்டன் காலிப்பர், துளை போட்ட டிஸ்க் எல்லாம் இப்போது தேவையில்லை. துளை போட்ட டிஸ்க்கில் விரிசல் பெரும்பாலும் அந்தத் துளையிலிருந்துதான் தொடங்குகிறது. இலகுவான வண்டிக்கு நல்ல ஃப்ளூயிட், நல்ல பேட், முன்னாலிருந்து டிஸ்க்கின் நடுவுக்குக் காற்றைக் கொண்டுபோகும் ஒரு குழாய் போதும்.

அடுத்தது டயரும் அலைன்மென்ட்டும். இரண்டையும் பிரித்துப் பேசவே கூடாது. 86 முதலில் வந்தபோது அதில் போட்டிருந்தது பிடிப்புக்காகச் செய்த டயர் கிடையாது, வேண்டுமென்றே வழுக்க விட்டிருந்தார்கள். கற்றுக்கொள்ள அது நல்லது. பிறகு நன்றாகப் பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும் 200 ட்ரெட்வேர் ரகத்துக்கு மாறலாம். பழைய வண்டியோடு வந்த டயரில் ட்ரெட் நிறைய இருக்கிறதே என்று சந்தோஷப்படுவதற்கு முன் சைட்வாலில் இருக்கும் நாலு இலக்கத்தைப் படியுங்கள். 2315 என்றால் 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அது டயர் இல்லை, காய்ந்த ரப்பர்.

முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் என்ற வகை சஸ்பென்ஷன் உள்ள வண்டி வளைவில் சாயும்போது வெளிப்பக்க டயர் தன் வெளி விளிம்பில் ஏறி நிற்கும். ஒரே நாளில் அந்தத் தோள்பட்டை மழுங்கி, உள்பாதி புதுசாகவே இருக்கிற டயர்களைப் பிட் லேனில் நிறையப் பார்க்கலாம். சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்நோக்கிச் சாய்க்கும் கேம்பர் போல்ட்டோ ப்ளேட்டோ போட்டு முன்பக்கம் மைனஸ் இரண்டரை டிகிரி பக்கம் கொண்டுவந்தால் டயர் முழு அகலத்துக்கும் உழைக்கும், முன்மூக்கும் சொன்ன பேச்சைக் கேட்கும். காற்றழுத்தம் செஷனில் ஆறேழு பிஎஸ்ஐ ஏறும். உள்ளே வந்ததும் சூடாக இருக்கும்போதே அளந்து குறையுங்கள், மாலையில் வீட்டுக்குக் கிளம்பும் முன் திரும்ப நிரப்புங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஆயில் சூடு 130 டிகிரியைத் தாண்டுகிறது என்றால் கூலர் போடுங்கள். அளவு பார்க்க ஒரு சென்சர் இல்லாமல் கூலர் வாங்குவது வீண். கூலன்ட், ரேடியேட்டரின் ப்ளாஸ்டிக் முனைகள், பழைய ஹோஸ்கள் ஆகியவற்றுக்கு வயது பார்த்து மாற்றிவிடுங்கள். ஒவ்வொரு செஷனின் கடைசி லேப்பையும் பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி, நிறுத்தியபின் ஹேண்ட்பிரேக் போடாமல் கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள்.

உயரத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய காயிலோவர் சஸ்பென்ஷன் பற்றிக் கேட்பீர்கள். பதினைந்து வருஷப் புஷ்களை மாற்றாமல் அதன்மேல் விலையுயர்ந்த ஸ்ப்ரிங் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சீட் மட்டும் சீக்கிரமே மாற்றலாம். உடம்பைச் சீட் பிடித்துக்கொண்டால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை, கை லேசானதும் முன் டயர் சொல்வது கேட்கும். பல முனை பெல்ட் போடுவதானால் அதற்கேற்ற சீட், வண்டி கவிழ்ந்தால் கூரையைத் தாங்கும் ரோல் பார், கழுத்துக் காப்பு மூன்றும் சேர்ந்தே வர வேண்டும், இல்லையென்றால் கம்பெனி பெல்ட்டே பாதுகாப்பு. ஹெல்மெட் கார் ரேஸுக்கான ஸ்னெல் எஸ்ஏ தரத்தில் இருக்கட்டும், பைக் ஹெல்மெட்டுக்குத் தீத்தடுப்புச் சோதனை கிடையாது. இன்ஷூரன்ஸ் பாலிசியில் ட்ராக் ஓட்டம் விலக்கப்பட்டிருக்கிறதா என்று படியுங்கள், பெரும்பாலும் விலக்கியிருப்பார்கள்.

பவருக்கு வருவோம், கேட்காமல் விடமாட்டீர்கள். முதல் தலைமுறை 86-இல் நாலாயிரம் ஆர்பிஎம் பக்கம் இழுவையில் ஒரு பள்ளம் உண்டு. இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியே அனுப்பும் எக்ஸாஸ்ட் ஹெடரும், இன்ஜின் கம்ப்யூட்டருக்கு ஒரு நல்ல ட்யூனும் அதை நிரப்பும், சூடும் பெரிதாக ஏறாது. அதுவரை சரி. டர்போ கிட் என்றால் ஆயில், கூலன்ட், க்ளட்ச், கியர்பாக்ஸ், பிரேக் எல்லாம் மறுபடி முதலிலிருந்து. டர்போ போட்டு, பிரேக் மட்டும் கம்பெனியில் வந்தபடியே இருக்கிற பழைய 86 விற்பனைக்கு வந்தால் நான் போன்கூடச் செய்ய மாட்டேன்.